கடைசி க்யூவில் யார்?

உங்கள் ஆபீஸில் மாடிப்படிக்குக் கீழேயோ, ஸ்டேஷனரி அலமாரிக்குப் பின்னாலோ, பச்சை விளக்குகள் கண்சிமிட்ட, தட்டையாக ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து கற்றை கற்றையாக ஒயர்கள் புறப்படும். பெயர் நெட்வொர்க் ஸ்விட்ச். செத்துப்போனால் தவிர அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்குள் ஒரு வசதி இருக்கிறது. க்யூ.ஓ.எஸ். என்பார்கள். விரித்தால் 'குவாலிட்டி ஆஃப் சர்வீஸ்'. இந்த வாரம் அதைத்தான் விமரிசனம் செய்யப்போகிறேன். சினிமாவையும் நாவலையும் வாராவாரம் கிழிக்கிறோம். பெட்டிக்குள் இருக்கும் ஏற்பாடும் மனிதர்கள் கமிட்டி போட்டு உட்கார்ந்து எழுதியதுதானே? அதிலும் நல்ல பகுதி, சொதப்பல், பாவலா எல்லாம் உண்டு.

முதல் புகார் பெயர் மீது. 'சேவைத் தரம்' என்றால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எல்லாருக்கும் ஏதோ கொஞ்சம் மேம்படும் என்றுதானே? மேம்படாது. ஒயரில் செகண்டுக்கு எத்தனை பிட் போகுமோ அத்தனைதான் போகும். ஒரே ஒரு பிட்டைக்கூட இந்த வசதி உற்பத்தி செய்வதில்லை. யார் முன்னால், யார் பின்னால், இடம் போதாவிட்டால் யாரைத் தூக்கி எறிவது, இவ்வளவுதான் அதன் வேலை. ரேஷன் கடையில் சர்க்கரை லோடு கூடுதலாக வந்து இறங்குவது வேறு, க்யூவை மாற்றி நிறுத்துவது வேறு. இரண்டாவதற்குப் போய் 'சர்க்கரைத் தரம்' என்று பெயர் வைத்தால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சுக்கு இருபத்து நாலு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து வாசல் வழியாக உள்ளே வரும் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே வாசல் வழியாக வெளியேற முட்டிக்கொள்ளும் கணங்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் போகலாம். மற்றவை மெமரியில் காத்திருக்கும். மெமரியும் நிரம்பினால் அடுத்து வருவது சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். ஃபைல் அனுப்புகிறவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. வந்து சேராததைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து மறுபடி அனுப்பும். கொஞ்சம் தாமதம், அவ்வளவே.

டெலிபோன் பேச்சு அப்படி இல்லை. ஜி.711 என்ற பழைய முறையில் குரலை செகண்டுக்கு 50 பாக்கெட்டாக நறுக்குகிறார்கள். ஒவ்வொன்றிலும் 20 மில்லிசெகண்ட் பேச்சு. விலாச விவரங்கள் சேர்த்து 200 பைட். கூட்டினால் செகண்டுக்கு 80 கிலோபிட்தான். அற்பம். ஆனால் நேரத்துக்கு வந்தாகவேண்டும். ஒரு வழிப் பயணம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 சிபாரிசு. ரொம்ப லேட்டாக வந்த குரலும் வராத குரலும் ஒன்றுதான். வரிசையாகப் பதினைந்து பாக்கெட் விழுந்தால் 'கையெழுத்துப் போட வேண்டாம்' என்பதில் 'வேண்டாம்' காணாமல் போய்விடும். அப்புறம் கோர்ட்டுக்கு அலையவேண்டியதுதான்.

ஆகவே குரல் பாக்கெட்டுக்குத் தனி க்யூ கொடுத்து முன்னால் விடுவது நியாயம்தான். அது கொஞ்சமே சாப்பிடும் ஆசாமி, ஆனால் பசி பொறுக்காது. இந்த ஏற்பாட்டின் நல்ல பகுதி இதுதான். இதற்காகவே அதை மன்னிக்கலாம். விற்க வருகிறவர்கள் உடனே ஆம்புலன்ஸ் உதாரணம் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஆம்புலன்ஸ் வந்தால் முன்னால் போகிற லாரி ஓரம் கட்டும். சாதாரண ஈதர்நெட் ஸ்விட்சில் ஒரு பெரிய பாக்கெட் வெளியேற ஆரம்பித்துவிட்டால் அதை யாரும் நிறுத்த முடியாது. மந்திரியே ஆனாலும் அதன் வால் போகும்வரை நிற்கவேண்டும். நடுவில் வெட்டி வழிவிடும் முறையை 2016ல்தான் தரத்தில் சேர்த்தார்கள். அதுவும் முக்கியமாக ஃபாக்டரி மெஷின்கள் போன்ற அவசரக்காரர்களுக்காக.

அந்த வால் எவ்வளவு நீளம்? 1500 பைட் பாக்கெட் ஒன்று 512 கிலோபிட் லைனில் போக சுமார் 23 மில்லிசெகண்ட் ஆகும். பத்து பாக்கெட் முன்னால் நின்றால் உங்கள் 150 மில்லிசெகண்ட் காலி. அதே பாக்கெட் இன்றைய கிகாபிட் ஒயரில் போக 12 மைக்ரோசெகண்ட். இந்த இரண்டு எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது கொஞ்சம் பழைய கதை. இன்டர்நெட்டின் ஆதார ஆவணங்களில் ஒன்று 1981 செப்டம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 791. தொகுத்தவர் ஜான் போஸ்டல். அதில் ஒவ்வொரு பாக்கெட்டின் நெற்றியிலும் முன்னுரிமைக்கென்று மூன்று பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். எட்டுப் படிகள். கீழேயிருந்து 'ரொட்டீன்', 'பிரயாரிட்டி', 'இம்மீடியட்', 'ஃப்ளாஷ்', 'ஃப்ளாஷ் ஓவர்ரைட்' என்று ஏறிக்கொண்டே போகும். இதென்ன, போர்க்களத் தந்தி மாதிரி இருக்கிறதே என்று நினைத்தால், சரியாக நினைத்தீர்கள். அமெரிக்க ராணுவத்துக்கு ஆட்டோவான் என்று தனி டெலிபோன் வலை இருந்தது. அந்த போன்களில் நமக்குத் தெரிந்த பன்னிரண்டு பட்டன்களுக்கு வலது பக்கம் நாலாவதாக ஒரு வரிசை. நாலு பட்டன். 'பி', 'ஐ', 'எஃப்', 'எஃப்ஓ'. எல்லா லைனும் பிஸியாக இருக்கும்போது ஒரு ஜெனரல் 'எஃப்' அழுத்தினால், எங்கோ சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு சிப்பாயின் கால் பாதியில் அறுந்து அந்த லைன் ஜெனரலுக்குப் போகும். சிப்பாய்க்கு அதற்கென்று ஒரு ஒலி கேட்கும். உன்னை வெட்டிவிட்டோம் என்று.

முரட்டு ஏற்பாடுதான். ஆனால் எனக்கு அதில் ஒன்று பிடித்திருக்கிறது. ஒளிவுமறைவு இல்லை. ஒருவர் முந்தினால் இன்னொருவர் வெட்டுப்படுகிறார் என்பதை அந்த ஒலியே சொல்லிவிடுகிறது. ஆர்.எஃப்.சி. 791லும் இந்த நேர்மை உண்டு. குறைந்த தாமதம், அதிக அளவு, அதிக நம்பகம் என்று கேட்க இன்னும் மூன்று பிட் கொடுத்துவிட்டு, ஒன்று கூடினால் பல நெட்வொர்க்குகளில் இன்னொன்று குறையும், அபூர்வமான சந்தர்ப்பம் தவிர மூன்றில் இரண்டுக்கு மேல் கேட்காதே என்று கறாராகச் சொல்கிறது. நம் வீட்டுக் கல்யாண கான்ட்ராக்டர்கள் படிக்கவேண்டிய ஆவணம்.

1998 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 2474 வந்தது. ராணுவப் பெயர்கள் போய், மூன்று பிட்டுக்குப் பதில் ஆறு பிட், 64 அடையாள எண்கள். டி.எஸ்.சி.பி. என்று பெயர். எஞ்சினியரிங் என்று பார்த்தால் இது பெரிய முன்னேற்றம். ஒவ்வொரு பேச்சையும் தனித்தனியாக ஞாபகம் வைக்காமல், முத்திரையைப் பார்த்துத் தரம் பிரித்துத் தள்ளு என்று வேலையை எளிதாக்கிவிட்டார்கள். ஆனால் பாஷை? டெலிபோன் குரலுக்கு 46 என்ற எண்ணைக் கொடுத்து 'எக்ஸ்பெடைட்டட் ஃபார்வர்டிங்', அதாவது துரித அனுப்புகை. நடுத்தர வர்க்கத்துக்கு 'அஷ்யூர்டு ஃபார்வர்டிங்', உத்தரவாத அனுப்புகை. மீதிக் கும்பலுக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த 'பெஸ்ட் எஃபர்ட்', முடிந்தவரை பாடுபடுவோம். வெட்டுப்படுகிறவர் என்ற வார்த்தையே எங்கும் இல்லை. அதற்கும் கீழே ஒரு படியைச் சில கம்பெனிகள் பச்சையாக 'ஸ்கேவஞ்சர்' என்றன, குப்பை பொறுக்கி என்ற அர்த்தத்தில். இதுவாவது நேர்மை.

ஸ்விட்சுகளின் ஈதர்நெட் முத்திரையில் இன்னொரு கூத்து. 802.1பி என்ற அந்த முறையில் 0 முதல் 7 வரை எட்டு எண். கடைசி ஆள் 0 என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, 1. ஒன்றும் எழுதாமல் வருகிற சாதாரண ஜனங்களுக்கு 0 என்று ஆகிவிட்டது. அவர்களுக்கும் கீழே ஒருவரை வைக்க இடம் தேவைப்பட்டபோது 1ஐ எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றாம் நம்பர் வாங்கியதற்காகச் சந்தோஷப்படாதீர்கள்.

தாளில் இருப்பது இப்படி. பெட்டியில்? சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 3750 என்ற ஸ்விட்ச் வருஷக்கணக்காக ஆயிரக்கணக்கான ஆபீஸ்களில் ஓடியது. அதில் க்யூ.ஓ.எஸ். ஆரம்பத்தில் ஆஃப் செய்யப்பட்டிருக்கும். பாக்கெட் நெற்றியில் என்ன முத்திரை இருந்தாலும் கை வைக்காமல் வந்த வரிசையில் அனுப்பிவிடும். ஆர்வக்கோளாறில் ஒருவர் வந்து ஒரே வரி கட்டளையில் ஆன் செய்கிறார். என்ன ஆகும் தெரியுமா? ஒன்று, எந்த வாசலையும் நம்பாதே என்பது அப்போது தானாக அமலுக்கு வருகிறது. போன் ஒழுங்காகக் குத்தி அனுப்பிய 46 அழிக்கப்பட்டு 0 ஆகிறது. இரண்டு, வாசலின் மெமரி நாலு க்யூவுக்குக் கால் கால் பங்காகப் பிரிகிறது. ஆபீஸ் போக்குவரத்தில் பெரும்பகுதி முத்திரையில்லாத கூட்டம். அது ஒரே க்யூவில் கால் பங்கு இடத்தில் நெருக்கியடித்து, நேற்றுவரை விழாத பாக்கெட் இன்று விழ ஆரம்பிக்கிறது. மூன்று, குரலுக்கான க்யூவுக்கு நிஜமாகவே முதல் மரியாதை வேண்டுமானால் அதற்கென்று இன்னொரு வரி தனியாக எழுதவேண்டும். ஆக, தரத்தை உயர்த்த ஆன் செய்த வசதியால் போனுக்கும் லாபமில்லை, மற்றவர்களுக்கும் நஷ்டம். மேனுவலில் இதெல்லாம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. ஆனால் வேலையை முழுக்கச் செய்தால்தான் பயன், பாதியில் விட்டால் செய்யாததைவிட மோசம் என்கிற ஏற்பாட்டுக்கு ஆன் பட்டன் மட்டும் ஒரே வரியில் இருப்பது நல்ல டிசைன் இல்லை.

முழுக்கச் செய்வது என்றால் முதல் கேள்வி: முத்திரையை யார் குத்துகிறார்கள்? மேஜை போனுக்குள்ளேயே ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரின் ஒயர் அதில் செருகி, போன் வழியாகப் போகும். போன் குத்துவதை நம்பலாம், கம்ப்யூட்டர் குத்துவதை நம்பக்கூடாது. ஏனென்றால் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் தன் சினிமா டவுன்லோடுக்கும் 46 குத்திக்கொள்ளலாம். காரில் சிவப்பு விளக்கு மாதிரிதான். ஆளாளுக்கு மாட்டிக்கொண்டு, கடைசியில் 2017 மே 1 முதல் மந்திரிகளுக்கே கிடையாது என்று எடுத்துவிட்டார்களே. அடுத்தது, முதல் மரியாதைக்கும் ஓர் எல்லை வேண்டும். அந்த க்யூவில் ஆள் இருக்கும்வரை மற்ற க்யூக்களைத் திரும்பியே பார்க்காதே என்று விட்டுவிட்டால் மற்றவர்கள் பட்டினிதான். லைனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்குக் கொடுக்காதே என்பது ரொம்ப நாளாகச் சொல்லிவரும் கணக்கு.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் இருப்பதுதான் என் நிஜமான புகார். யார் எந்த க்யூ என்ற பட்டியல். 2006 ஆகஸ்டில் வந்த ஆர்.எஃப்.சி. 4594 போக்குவரத்தைப் பன்னிரண்டு வகுப்பாகப் பிரித்தது. (ஜாதி என்று எழுதக் கை வருகிறது, அடக்கிக்கொள்கிறேன்.) டெலிபோன், வீடியோ கான்ஃபரன்ஸ், அதிகத் தகவல், சாதாரணம், கடைசியில் தாழ்ந்த முன்னுரிமை என்று நீளும். யோசித்துச் செய்த வேலை, மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டை நாலு க்யூ ஸ்விட்சில் அடைக்கும்போது, யார் யாருடன் முட்டிக்கொண்டு நிற்பது என்று எவரோ ஒருவர் தீர்மானிக்கவேண்டும். பெரும்பாலும் அவர் ஆபீஸ்காரர் அல்ல. ஒருநாள் வந்து போகும் கான்ட்ராக்ட் ஆசாமி. அவர் லாப்டாப்பில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். வேறு எங்கோ போட்டது. அதை ஒட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்.

ஓர் ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். சி.டி. ஸ்கேன் படம் ஒரு நோயாளிக்கே நூற்றுக்கணக்கான மெகாபைட் வரும். அது மெஷினிலிருந்து டாக்டரின் திரைக்கு நெட்வொர்க் வழியாகத்தான் போகிறது. ஸ்விட்சின் பார்வையில் அது வெறும் பெரிய ஃபைல். ரெடிமேட் பட்டியலில் பெரிய ஃபைலுக்குக் கீழ்த்தட்டு. சேர்மனின் வீடியோ மீட்டிங்குக்கு மேல்தட்டு. தலையில் அடிபட்டு வந்தவரின் படம், காலாண்டு விற்பனை பற்றிய பேச்சுக்கு வழிவிட்டு நிற்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. 'ஃபைல் என்றால் காத்திருக்கலாம்' என்று எழுதியவருக்கு அந்த ஃபைலுக்குள் யார் படுத்திருக்கிறார் என்று தெரியாது. சிப்பாய்க்காவது ஓர் ஒலி கேட்டது. டாக்டருக்குத் தெரிவதெல்லாம் 'இன்னிக்கு சிஸ்டம் ஸ்லோ'.

இப்போது அந்த இரண்டு எண்களுக்கு வருவோம். 23 மில்லிசெகண்ட், 12 மைக்ரோசெகண்ட். கிகாபிட் ஸ்விட்சுக்குள் பெரும்பாலான நேரம் நிஜமான நெரிசலே இருப்பதில்லை. பல வாசல்கள் ஒரே கணத்தில் பொங்கினால்தான் உண்டு. நெரிசல் ஆபீஸிலிருந்து வெளியே போகும் குறுகலான இன்டர்நெட் லைனில். அங்கே உட்கார்ந்திருப்பது ரூட்டர் அல்லது மோடம். உள்ளே அகலமான மைதானத்தில் கயிறு கட்டி நாலு க்யூ அமைத்துவிட்டு, வெளியே ஓராள் அகலக் கதவை அப்படியே விடுகிறோம்.

அந்தக் கதவில் இருந்த நோயை 2010ல் ஜிம் கெட்டிஸ் வீட்டு லைனில் அளந்து பார்த்து ஊருக்குச் சொன்னார். மெமரி மலிவு என்பதால் மோடம்களிலும் ரூட்டர்களிலும் ஏராளமாக அடைத்துவிட்டார்கள். எதையும் தூக்கி எறியாமல் சேர்த்துச் சேர்த்து வைக்கின்றன. ஒரு மெகாபிட் லைனுக்கு ஒரு மெகாபைட் மெமரி இருந்து அது நிரம்பினால் க்யூவின் நீளம் எட்டு செகண்ட். 'பஃபர் ப்ளோட்' என்று பெயர் வைத்தார். மெமரிக்குத் தொப்பை. 2012ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்ஸனும் 'கோடெல்' என்று மருந்து கொடுத்தார்கள். யார் முக்கியம் என்று அது கேட்பதே இல்லை. பாக்கெட்டுகள் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்று பார்த்து, காத்திருப்பு நீடித்தால் ஒன்றைக் கீழே போட்டு, அனுப்புகிறவரை மெதுவாக்குகிறது. பின்னால் வந்த அதன் வகை ஒன்று ஒவ்வொரு பேச்சையும் தனி க்யூவாக்கி மாறி மாறி விடுகிறது. கொஞ்சமாகச் சாப்பிடும் குரல், பட்டியல் எதுவும் இல்லாமலே தானாக முன்னால் வந்துவிடுகிறது. இந்த நிக்கல்ஸ் யார்? 1998ல் அந்த 64 முத்திரை ஆவணத்தை எழுதிய நால்வரில் முதல் பெயர் அவருடையது. தன் பழைய படைப்புக்குத் தானே எழுதிய நல்ல விமரிசனம் என்று அதை நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

பொது ரோட்டுக்கு வந்தால் கதை இன்னும் சுவாரசியம். இன்டர்நெட் முழுக்க முன்னுரிமைச் சேவை விற்கலாம் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்டர்நெட்2 அமைப்பு சில வருஷம் முயன்றது. 2002ல் அதிலிருந்த டைட்டல்பாம், ஷலுனோவ் என்ற இரண்டு எஞ்சினியர்களே 'ஏன் வரவில்லை, அநேகமாக ஏன் வரவே வராது' என்ற அர்த்தத்தில் தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதிவிட்டார்கள். வழியில் இருக்கும் அத்தனை பேரும் ஒத்துழைக்கவேண்டும், அதைவிட லைனை அகலப்படுத்துவது மலிவு என்பது சாராம்சம். இன்னொரு ஆபத்தும் உண்டு. முதல் வகுப்பு விற்பவருக்கு மூன்றாம் வகுப்பு வசதியாக இருப்பது நஷ்டம். 1849லேயே ஜூல் டூப்வி என்ற ஃபிரெஞ்சு எஞ்சினியர் ரயிலைப் பற்றி இதை எழுதினார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாதது கூரைச் செலவை மிச்சம்பிடிக்க அல்ல, இரண்டாம் வகுப்பு டிக்கெட் வாங்க முடிந்தவர் இதில் ஏறிவிடக்கூடாதே என்று.

இந்தியாவில் 2016 பிப்ரவரி 8ஆம் தேதி டிராய், தகவலைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் கூடாது என்றது. 2018ல் அரசாங்கம் நெட் நடுநிலைமையை ஏற்றுக்கொண்டது. நியாயமான நெரிசல் நிர்வாகத்துக்கு விலக்கு உண்டு. அந்த 'நியாயமான' என்ற வார்த்தைதான் கவனிக்கவேண்டிய இடம்.

ஏனென்றால் அதே 2018ல் கலிஃபோர்னியாவில் காடு பற்றி எரிந்துகொண்டிருந்தபோது, சாண்டா கிளாரா கவுண்ட்டி தீயணைப்புப் படையின் கட்டளை வண்டிக்கு டேட்டா வேகம் இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. மாதாந்திர அளவைத் தாண்டிவிட்டார்கள் என்று வெரிஸான் கம்பெனியின் கம்ப்யூட்டர் குறைத்துவிட்டது. கேட்டதற்கு விலை அதிகமான ப்ளானுக்கு மாறச் சொன்னார்கள். அவசர காலத்தில் கட்டுப்பாட்டை நீக்குவதுதான் எங்கள் வழக்கம், இது கஸ்டமர் சர்வீஸில் நடந்த தவறு என்று கம்பெனி பிறகு ஒப்புக்கொண்டது. இது க்யூ அல்ல, வேகத்தடை. ஆனாலும் ஒரே குடும்பத்துக் கருவி. விதி எழுதியவர் மனதில் இருந்தது அளவு மீறும் சந்தாதாரர். மாட்டிக்கொண்டது தீயணைப்பு வண்டி.

உங்கள் ஆபீஸில் இந்த வசதியைப் போட யாராவது வந்தால் பட்டியலைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழில் எழுதினாலும் சரி. மேல் வரியைப் பார்க்காதீர்கள், அங்கே டெலிபோன்தான் இருக்கும். கடைசி வரியில் என்ன ஃபைல், அதற்காக எந்த மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேளுங்கள். பதில் 'அதெல்லாம் டிஃபால்ட் ஸார்' என்று வந்தால் அன்றைக்கு ஆன் செய்ய விடாதீர்கள். அதற்கு முன்னால் செலவில்லாத ஒரு காரியம் இருக்கிறது. பட்டப்பகலில் பதினொரு மணிக்கு ஓடும் பேக்கப்பை ராத்திரி பதினொரு மணிக்கு மாற்றிவிட்டு ஒரு வாரம் போனில் பேசிப் பாருங்கள்.